மின்னுகிறது, நகரவில்லை: தசைப் புரதங்களுக்கு ஒளிர்சாயம் ஏற்றும்போது வரும் கோளாறுகள்

ஆக்டின் (இழையாகக் கோக்கும் புரதம்), மயோசின் (அந்த இழையைப் பிடித்து நகர்த்தும் புரதம்), ட்ரோபோனின் போன்ற தசைப் புரதங்களில் ஒளிர்சாயம் ஏற்றி, அவை அசைவதை நுண்ணோக்கியில் பார்க்கிறவர்களுக்கான குறிப்பு இது. செய்முறை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது, ஒரு முறையாவது செய்து பார்த்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் எழுதியபடியே செய்தும் கெட்டுப்போனால் முதலில் எங்கே தேடுவது என்பதுதான் இங்கே பேச்சு.

தென்னாப்பிரிக்காவின் ஈரமான கடலோர ஊரான டர்பனில் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நாம் பின்பற்றும் செய்முறைகளில் பல குளிர்ந்த, காய்ந்த ஊர்களில் எழுதப்பட்டவை. தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களில் இங்கே வியர்வையே காயாது. அந்த ஈரம் சாயப் புட்டிக்குள்ளும் போகும். ஆடி மாதம் ஒழுங்காக நடந்த சோதனை தை மாதம் காலை வாரினால், உங்கள் கையைச் சந்தேகிக்கும் முன் காற்றைச் சந்தேகியுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் நண்பரிடம் கேட்டால் "எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லையே" என்பார். அவர் ஊர் மேட்டு நிலம், காற்று காய்ந்தது. அவர் அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

எந்தக் கோளாறுக்கும் ஒரு பொது விதி உண்டு. ஒளி தெரிவது வேறு, புரதம் உயிரோடு இருப்பது வேறு. செத்த புரதமும் அழகாக மின்னும். அதனால் எப்போதும் மூன்று குழாய்களைச் சேர்த்தே கொண்டுபோங்கள்: சாயம் ஏறாத புரதம், சாயம் ஏறிய புரதம், புரதமே இல்லாத வெறும் சாயம். முதல் குழாய் வேலை செய்யவில்லை என்றால் சாயத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. கோழியிலிருந்தோ முயலிலிருந்தோ புரதம் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

"அக்கா, சாயமே ஏறலை"

முதலில் ஏறவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாயத்தின் உச்ச அலைநீளத்தில் உறிஞ்சலை அளந்து, சாயத்தின் மோலார் எண்ணால் (ஒரு மோலார் கரைசல் எவ்வளவு உறிஞ்சும் என்ற எண்) வகுத்தால் சாயத்தின் செறிவு கிடைக்கும். ரோடமின் வகைச் சாயம் ஒன்றுக்கு அந்த எண் 80,000 என்று புட்டியோடு வந்த தாளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறிஞ்சல் 0.40 என்றால் சாயம் 5 மைக்ரோமோலார். புரதம் மில்லிலிட்டருக்கு 0.42 மில்லிகிராம், ஆக்டினின் எடை 42 கிலோடால்டன். ஆக 10 மைக்ரோமோலார். விகிதம் 0.5, அதாவது இரண்டு ஆக்டினுக்கு ஒரு சாயம். இதில் வழுக்கும் இடம் புரத அளவுதான். ஆக்டினை 290 நானோமீட்டரில் அளப்பது வழக்கம், ஆனால் சாயமும் அங்கே கொஞ்சம் உறிஞ்சும். அதைக் கழிக்காவிட்டால் புரதம் அதிகமாகவும் சாய விகிதம் குறைவாகவும் தெரியும். சாயம் ஏறாத ஆக்டினையே அளவுகோலாக வைத்து பிராட்ஃபோர்டு முறையில் அளந்தால் இந்தத் தலைவலி இல்லை.

அளவு சரி, உண்மையிலேயே ஏறவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி டிடிடி, அதாவது புரதம் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கும் மருந்து. ஆக்டினைக் காப்பாற்ற நாமே போட்டு வைத்த டிடிடிக்கும் சல்ஃபர் முனை உண்டு. மேலிமைடு, அயடோஅசிட்டமைடு என்ற இரண்டு வகைச் சாயங்களுமே, புரதத்தில் சல்ஃபர் முனை உள்ள அமினோ அமிலமான சிஸ்டீனை விட்டுவிட்டு டிடிடியோடு போய்ச் சேரும். அரை மில்லிமோலார் டிடிடி என்பது 20 மைக்ரோமோலார் ஆக்டினைவிட இருபத்தைந்து மடங்கு. அதில் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு முனைகள் வேறு. சாயம் சேர்ப்பதற்குச் சற்று முன் உப்பு நீக்கும் பத்தி வழியே ஓட்டி அதை அகற்றுங்கள். அந்தப் பத்தியில் ஓடும் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) தசையின் எரிபொருளான ஏடிபியும் கால்சியமும் இருக்க வேண்டும். அவை இல்லாமல், இழையில் கோக்காத தனி ஆக்டின் அதிக நேரம் தாங்காது. டிடிடிக்குப் பதில் டிசிஇபி போட்டால் நீக்கத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் மேலிமைடோடு வினைபுரியும், நம்ப வேண்டாம்.

டிடிடியை நீக்கிவிட்டுக் காபி குடிக்கப் போனாலும் சிக்கல். பாதுகாப்பு இல்லாத சிஸ்டீன் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும், பிறகு சாயம் பிடிக்காது. பத்தியிலிருந்து சொட்டும்போதே சாயம் தயாராக இருக்க வேண்டும்.

அப்புறம் நம் ஊர்ச் சிக்கல். மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த சாயப் புட்டியை உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும். மேலிமைடு வளையம் தண்ணீரில் மெல்ல மெல்லத் திறந்துகொள்ளும். திறந்த வளையம் சிஸ்டீனோடு வினைபுரியாது, ஆனால் நிறம் அப்படியே இருக்கும். கண்ணுக்குச் சாயம் நன்றாக இருப்பது போலவே தெரியும், அதுதான் ஏமாற்று. சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குள் புட்டியை வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். சாயத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சாமான். பெரிய பாட்டிலைத் திறந்து திறந்து மூடுவதை விட்டுவிட்டு, சிறு புட்டிகளில் வருவதை வாங்குங்கள். கரைத்த சாயத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து ஒரு முறைக்கு ஒன்று என்று எடுங்கள். மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து உலர்பனியில் வரும் பொட்டலம் சுங்கத்தில் சில நாள் தங்கினால், திறந்தவுடன் பனி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். பிறகு காரணம் தேடும்போது உதவும்.

"ஒன்றுக்கு ஒன்று என்று போட்டேன், இரண்டு ஏறியிருக்கிறது"

முதுகெலும்பி எலும்புத்தசை ஆக்டினில் ஐந்து சிஸ்டீன்கள். அவற்றில் வெளியே நீட்டிக்கொண்டு எளிதாக வினைபுரிவது 374ஆம் இடத்தில் இருப்பது. புரதத்தின் நீளமே 375 அமினோ அமிலம்தான், ஆக இது வாலின் நுனிக்கு ஒன்று முந்தையது. விகிதம் ஒன்றைத் தாண்டினால் சாயம் வேறு இடங்களிலும் உட்கார்ந்திருக்கிறது, இல்லையென்றால் ஒட்டாத சாயம் கழுவப்படாமல் கூடவே வந்திருக்கிறது. எது என்று, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஒரு எஸ்டிஎஸ் ஜெல் சொல்லிவிடும். நிறமேற்றும் முன் புறஊதா விளக்கில் வைத்துப் பாருங்கள். 42 கிலோடால்டன் இடத்தில் மட்டும் ஒளி இருந்தால் சாயம் புரதத்தில் இருக்கிறது. ஜெல்லின் அடிமுனையில் ஓடும் பட்டையும் பளிச்சென்று இருந்தால் அது ஒட்டாத சாயம். இன்னொரு முறை பத்தியில் ஓட்டுங்கள்.

உண்மையிலேயே அதிகம் ஏறியிருந்தால் பிஎச் பக்கம் பாருங்கள். மேலிமைடு 6.5 முதல் 7.5 வரைதான் சிஸ்டீனைத் தேர்ந்து பிடிக்கும். 8க்கு மேலே போனால் லைசினையும் பிடிக்க ஆரம்பிக்கும். ட்ரிஸ் பஃபர் குளிரக் குளிர பிஎச் ஏறும், டிகிரிக்கு ஏறத்தாழ 0.03. அறையில் 8.0 என்று சரி செய்ததைக் குளிர் அறைக்குக் கொண்டுபோனால் 8.6 பக்கம் நிற்கும். எந்த வெப்பத்தில் வேலை செய்யப் போகிறீர்களோ அங்கேயே பிஎச் பாருங்கள்.

"சாயம் நன்றாக ஏறியது, ஆக்டின் இழையாகவே மாட்டேன் என்கிறது"

இது உங்கள் குற்றம் அல்ல. டெட்ராமெத்தில்ரோடமின் மேலிமைடு 374ஆம் சிஸ்டீனில் உட்கார்ந்தால் தனி ஆக்டின்கள் கோத்துக்கொள்வதைத் தடுக்கும். இந்தக் குணத்தையே பயன்படுத்தி, வேறு புரதம் எதுவும் சேராத தனி ஆக்டினைப் படிகமாக்கி அதன் அமைப்பை 2001இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வரம், நமக்குச் சாபம்.

இங்கே மூன்று வழி உண்டு. ஆக்டின் இழையாக இருக்கும்போதே சாயம் ஏற்றி, பிறகு பிரித்து, மறுபடி இழையாக்கி, மறுபடி கோக்க முடிந்தவற்றை மட்டும் வைத்துக்கொள்வது ஒன்று. சாயம் ஏறியதைச் சாயம் ஏறாததோடு கலந்து, பத்தில் ஒன்று அல்லது மூன்று மட்டும் ஒளிரும்படி வைப்பது இரண்டு. மூன்றாவதுதான் என் விருப்பம்: அசைவை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஆக்டினைத் தொடவே தொடாதீர்கள், ரோடமின் ஃபாலாய்டினைப் போடுங்கள். அது இழையின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும், இழையையும் உதிராமல் காக்கும்.

ஆக்டின் இழையாகும் வேகத்தை அளப்பதுதான் நோக்கம் என்றால் பைரீன் அயடோஅசிட்டமைடு. அதுவும் 374இல்தான் உட்காரும், ஆனால் இழையாவதைப் பெரிதாகத் தடுக்காது. இழையில் சேர்ந்ததும் அதன் ஒளி பல மடங்கு ஏறும்; 365இல் தூண்டி 407இல் அளப்பார்கள். நுண்ணோக்கியில் இழையைப் பார்க்க இது உதவாது.

"இழை பளிச்சென்று தெரிகிறது, ஆனால் நகரவே இல்லை"

அதிகம் கேட்கும் கேள்வி இது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசலாம்.

கண்ணாடியில் மயோசினை ஒட்டி, அதன் மேல் ஒளிரும் ஆக்டின் இழைகளை ஊர்ந்து போக விடும் சோதனையைக் க்ரோனும் ஸ்புடிச்சும் 1986இல் காட்டினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே யனகிடாவின் குழு ஃபாலாய்டின் சாயம் ஏற்றிய தனி ஆக்டின் இழையைக் கரைசலில் பார்த்திருந்தது. இன்றும் அடிப்படை அதேதான்: நைட்ரோசெல்லுலோஸ் பூசிய கவர்ஸ்லிப் (மெல்லிய கண்ணாடித் தகடு), அதில் எச்எம்எம் எனும், ஆக்டினைப் பிடிக்கும் தலைகள் உள்ள வெட்டிய மயோசின், பிறகு கண்ணாடியின் வெற்று இடத்தை மூடும் பிஎஸ்ஏ புரதம், பிறகு சாய ஆக்டின், கடைசியில் ஏடிபி.

முதல் கேள்வி: ஏடிபி போடும் முன் இழைகள் ஒட்டியிருந்தனவா? ஏடிபி இல்லாதபோது மயோசின் ஆக்டினை இறுகப் பிடிக்கும். அப்போது இழைகள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். படுக்கவே இல்லை என்றால் கண்ணாடியில் மயோசின் இல்லை அல்லது அது செத்துவிட்டது. ஏடிபி பக்கம் போவதே வீண்.

ஒட்டியிருந்தன, ஏடிபி போட்ட பிறகும் அப்படியே கிடக்கின்றன என்றால் அந்த ஏடிபியைப் பாருங்கள். பொடியாக வரும் ஏடிபியைக் கரைத்தால் கரைசல் புளிக்கும். பிஎச் 7க்குக் கொண்டுவராமல் போட்டவர்கள் ஃப்ளோ செல்லுக்குள் (கண்ணாடிகளுக்கு இடையே கரைசல் ஓடும் இடுக்குக்குள்) அமிலம் ஊற்றியிருக்கிறார்கள். மக்னீசியமும் போதுமான அளவு வேண்டும். மயோசின் எடுத்துக்கொள்வது மக்னீசியத்தோடு சேர்ந்த ஏடிபியை. ஏடிபி 2 மில்லிமோலார், மக்னீசியம் 4 மில்லிமோலார் என்பது பலரும் தொடங்கும் இடம்.

ஏடிபி சரி என்றால் மயோசினின் செத்த தலைகள்தான் காரணம். தேர் இழுக்க நூறு பேர் நின்றாலும் நாலு பேர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால் தேர் நகராது, அதே கதை. மயோசின் எடுக்கும்போது சில தலைகள் சேதமடையும். அவை ஆக்டினைப் பிடிக்கும், ஆனால் ஏடிபி வந்தாலும் விடாது. இதற்கு மருந்து இரண்டு. எச்எம்எம்மோடு ஆக்டின் இழையும் ஏடிபியும் கலந்து அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜில் ஓட்டினால், விடாத தலைகள் ஆக்டினோடு அடியில் போகும், நல்லவை மேலே மிதக்கும். இது நல்ல மருந்து. கையில் அந்த இயந்திரம் இல்லாவிட்டால், அல்லது வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தால், சாயம் இல்லாத ஆக்டினை ஊசி வழியே பல முறை இழுத்துத் தள்ளித் துண்டாக்கி, ஒரு மைக்ரோமோலார் அளவில் ஏடிபியோடு ஃப்ளோ செல்லில் விடுங்கள். செத்த தலைகள் அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு வாய் அடைந்துபோகும். நன்றாகக் கழுவிவிட்டுச் சாய ஆக்டினை விடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வது இன்னும் நல்லது.

ஏடிபி போட்டதும் இழைகள் நகராமல் மிதந்து காணாமல் போகின்றனவா? அது எதிர்த் திசைக் கோளாறு. பிடிக்கும் தலைகள் போதவில்லை, அல்லது உப்பு அதிகம். எச்எம்எம் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், பொட்டாசியம் குளோரைடு 25 மில்லிமோலார் என்று தொடங்கி, எச்எம்எம்மைக் கூட்டிப் பாருங்கள். உப்பு அதிகம் வைத்தே ஆகவேண்டிய சோதனை என்றால் மெத்தில்செல்லுலோஸ் அரை சதவீதம் அளவில் சேர்க்கலாம். குழகுழப்பில் இழை பக்கவாட்டில் அலைந்து ஓடாது, ஆனால் நுனி முன்னோக்கிப் போகத் தடையிராது.

இழையின் ஒரு நுனி மட்டும் ஆடிக்கொண்டே, மறு நுனி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு சுழன்றால் பிஎஸ்ஏ போதவில்லை. வெறும் கண்ணாடி ஆக்டினைப் பிடித்துக்கொள்கிறது. மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில் பிஎஸ்ஏ போட்டு ஒரு நிமிடம் விடுங்கள்.

"மயோசினில் சாயம் ஏற்றினேன், அதோடு எல்லாம் நின்றுவிட்டது"

எந்தச் சிஸ்டீனில் ஏற்றினீர்கள்? எலும்புத்தசை மயோசின் தலையில் 707ஆம் சிஸ்டீன் எளிதாகச் சாயம் பிடிக்கும், அதனால்தான் பழைய ஆய்வுகள் பலவற்றில் அதுவே இலக்கு. ஆனால் அது தலையின் அசைவுக்கு வழிவிடும் மூட்டுப் பகுதியில் இருக்கிறது. அங்கே சாயம் உட்கார்ந்தால் கால்சியத்தோடு ஏடிபி உடைக்கும் வேகம் ஏறும், பொட்டாசியம் ஈடிடிஏ கொண்டு அளக்கும் வேகம் இறங்கும், கண்ணாடியில் ஆக்டினை நகர்த்தும் சக்தி போய்விடும். ஏடிபி உடைக்கிறதே, உயிரோடுதான் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. இந்த இரண்டு வேகங்களையும் அளந்தால் 707 மாட்டிக்கொண்டதா என்பது தெரியும். அது நல்ல சோதனை.

தலை அசைவதைப் பார்க்க வேண்டும் என்றால் மயோசின் தலையின் கழுத்தில் ஒட்டியிருக்கும் சிறு புரதமான ஒழுங்குபடுத்தும் லைட் செயினில் சாயத்தை ஏற்றுங்கள். பாக்டீரியாவில் உருவாக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் சிஸ்டீன் வைத்து, சாயம் ஏற்றி, அதை அளந்து சுத்தம் செய்த பிறகு மயோசினில் மாற்றிப் பொருத்தலாம். மயோசினைச் சாயம் தொடுவதே இல்லை. 1995இல் முயலின் தசைநாரில் (ஒற்றைத் தசைச் செல்லில்) லைட் செயின் பகுதி சாய்வதை ரோடமின் சாயம் மூலம் காட்டியது இந்த வழியில்தான்.

"நகர்கிறது, ஆனால் போகப் போக இழை நொறுங்குகிறது"

ஒளி அதிகம். சாயம் உறிஞ்சும் ஒளி, கூடவே இருக்கும் ஆக்சிஜனைக் கொடுமைக்காரனாக மாற்றுகிறது. அது சாயத்தையும் கெடுக்கும், ஆக்டினையும் வெட்டும், மயோசினையும் பழுதாக்கும். லேசரைக் குறைத்துப் பாருங்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டும் நொறுங்கி, பக்கத்தில் பார்க்காத இடத்தில் நீள இழைகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒளி குறைவாக இருந்தும் நொறுங்கினால் செத்த தலைகள் இழுபறியில் இழையைப் பிய்க்கின்றன. மேலே சொன்ன மருந்துக்குப் போங்கள். பிப்பெட்டில் இழுக்கும்போதே ஒடித்திருக்கவும் கூடும். முனையைக் கத்தரித்த பிப்பெட் முனையால், மெதுவாக.

"சில நொடிகளில் மங்கிவிடுகிறது"

குளுக்கோஸ், குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் மூன்றும் சேர்ந்த கலவை ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் குளுக்கோஸ், 0.1 ஆக்சிடேஸ், 0.02 கேட்டலேஸ் என்பது வழக்கமான அளவு. டிடிடி 10 மில்லிமோலார் கூடவே. இதைப் போட்டும் மங்கினால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

பஃபரில் அசைடு இருக்கிறதா? பூஞ்சை பிடிக்காமல் இருக்க நம் ஊரில் எல்லா பாட்டிலிலும் சோடியம் அசைடு போடும் பழக்கம் உண்டு. அசைடு கேட்டலேஸைச் செயலிழக்க வைக்கும். ஆக்சிடேஸ் உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை நீக்க ஆளில்லாமல் அது சேர்ந்துகொண்டே போகும். காப்பாற்றப் போட்ட மருந்தே விஷமாகிவிடும்.

டிடிடி எப்போது கரைத்தது? 20 டிகிரியில் பிஎச் 7.5இல் அதன் பாதி ஏறத்தாழ 10 மணி நேரத்தில் போய்விடும், 8.5இல் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. டர்பன் கோடையில் மேசைமேல் இருந்த பாட்டிலுக்கு இன்னும் குறைவு. அன்றன்றைக்குக் கரையுங்கள்.

குளுக்கோஸ் கலவை குளுக்கோனிக் அமிலத்தை உண்டாக்கும். ஃப்ளோ செல்லின் வாய் காற்றுக்குத் திறந்திருந்தால் ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், அமிலமும் சேர்ந்துகொண்டே போகும். முதலில் நல்ல வேகம், அரை மணி நேரத்தில் எல்லாம் மெதுவானது என்றால் அதுதான் காரணம். ஓரங்களை வாசலினோ நகச்சாயமோ கொண்டு மூடுங்கள். அல்லது சில நிமிடங்களுக்கு ஒரு முறை புதுக் கலவை விடுங்கள். ஃப்ளூரசீன் சாயம் என்றால் பிஎச் இறங்கினாலே அதன் ஒளியும் இறங்கும், ஆகவே மங்குவது சாயம் அழிவதாலா அமிலத்தாலா என்று குழம்புவீர்கள். இந்த வேலைக்கு ரோடமின் வகை நல்லது.

"பின்னணி முழுக்கப் பால் போல இருக்கிறது"

ஒட்டாத ஃபாலாய்டின் மிச்சம், கழுவினால் போகும். போகவில்லை என்றால் வெறும் கவர்ஸ்லிப்பை எண்ணெய் போட்டுப் பாருங்கள். அதுவே பால் போல இருந்தால் கண்ணாடி அழுக்கு, எண்ணெய் பழசு, அல்லது லென்ஸில் பூஞ்சை. கடைசியைச் சிரித்துவிட்டுப் போக வேண்டாம். கடலோர ஊரில் இரவில் ஏசி அணைந்து காலையில் போடப்படும் அறையில் லென்ஸுக்குள் வலை போலப் பூஞ்சை படரும். ஆப்ஜெக்டிவைக் கழற்றி விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். தெரிந்தால் நீங்களே பிரிக்காமல் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். பயன்படுத்தாதபோது ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வையுங்கள்.

"நேற்று ஒரு வேகம், இன்று ஒரு வேகம்"

முயல் எலும்புத்தசை எச்எம்எம்மின் மேல் ஆக்டின் 25 டிகிரியில் நொடிக்குச் சுமார் 3 முதல் 5 மைக்ரோமீட்டர் போகும். வெப்பம் சில டிகிரி ஏறினாலே வேகம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். அறையின் வெப்பமானியை நம்பாதீர்கள். எண்ணெய் தொட்டுக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்டிவ் பெரிய உலோகக் கட்டி. கவர்ஸ்லிப்பின் வெப்பம் அதனுடையதாகவே இருக்கும். மெல்லிய தெர்மோகப்பிள் ஒன்றை ஃப்ளோ செல்லுக்குள் விட்டு அளந்து, ஆப்ஜெக்டிவுக்குச் சூடாக்கும் பட்டை கட்டி ஒரே வெப்பத்தில் வையுங்கள். மின்சாரம் போய் ஏசி நின்று திரும்ப வந்த நாளில், எல்லாம் நிலைப்படும் வரை எடுத்த தரவைத் தனியாக வையுங்கள், சராசரியில் சேர்க்காதீர்கள்.

சராசரி என்றதும் இன்னொன்று. ஒட்டிக்கொண்டு நடுங்கும் இழைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வேகம் குறைந்தது போலத் தெரியும். சீராக நகரும் இழைகள் எத்தனை பங்கு, அவற்றின் வேகம் என்ன என்று இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். பங்கு குறைந்து வேகம் மாறாமல் இருந்தால் செத்த தலைகள். பங்கு அப்படியே இருந்து வேகம் மட்டும் மாறினால் வெப்பம், உப்பு, பிஎச்.

உறைய வைத்த பழைய குழாய், புதுக் குழாய் எல்லாமே ஒரே நாளில் செத்துப்போனால் சோதனையை விட்டுவிட்டு ஃப்ரீசர் பதிவைப் பாருங்கள். லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) கடுமையாக இருந்த காலத்தில் மைனஸ் 80 பெட்டிகள் ஏறி இறங்கிய கதை தென்னாப்பிரிக்காவில் ஆய்வகம் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். எச்எம்எம் ஒரு முறை உருகி உறைந்தால் முன்பு போல இராது. பெட்டிக்குள் ஒரு சிறு பனிக்கட்டிக் குழாயைத் தலைகீழாக வைத்துவிடுங்கள். பனி மூடிப் பக்கம் வழிந்து உறைந்திருந்தால் நடுவில் உருகியிருக்கிறது என்று பொருள்.

"மயோஃபைப்ரிலில் வரிகளின் ஓரம் மட்டும் ஒளிர்கிறது"

எலும்புத்தசையின் மயோஃபைப்ரிலில், அதாவது தசைச் செல்லுக்குள் ஓடும் நூலில், ஃபாலாய்டின் முதலில் மெல்லிய ஆக்டின் இழைகளின் சுதந்திர முனைப் பக்கமாக ஏறும். இழையை ஒட்டிக்கொண்டு போகும் நெபுலின் என்ற நீளப் புரதம் நடுப் பகுதியில் வழியை மறிக்கிறது. நேரம் போகப் போக ஃபாலாய்டின் நெபுலினை விலக்கிக்கொண்டு, இழைகளின் மறுமுனை பொருந்தியிருக்கும் Z கோடு வரை பரவும். ஆகவே சில நிமிடத்தில் எடுத்த படத்தைப் பார்த்து "ஆக்டின் இங்கே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். குளிரில் ஒரு இரவு விடுங்கள். இதயத் தசையில் நெபுலின் மிகக் குறைவு, அங்கே ஒளி சீராக ஏறும்.

எங்குமே ஏறவில்லை என்றால் எதில் நிலைப்படுத்தினீர்கள் என்று பாருங்கள். மெத்தனால் ஆக்டினின் வடிவத்தைக் கெடுக்கும், ஃபாலாய்டின் பிடிக்காது. ஃபார்மால்டிஹைடு போடுங்கள். ஃபாலாய்டின் மெத்தனாலில் கரைத்தே வருவதால், அதையும் ஆவியாக்கிய பிறகு பஃபரில் கரைப்பது நல்லது.

"தசைநாரில் லைட் செயினை மாற்றினேன், கால்சியம் கொடுத்தும் இழுக்கவில்லை"

லைட் செயினைக் கழற்ற உலோக அயனிகளை இறுகப் பிடிக்கும் சிடிடிஏ போன்ற மருந்தும், டிஎஃப்பி (ட்ரைஃப்ளூபெரசின்) என்ற மருந்தும் போடுவார்கள். அதே கரைசல் ட்ரோபோனின் சியையும் கழுவி எடுத்துவிடும். கால்சியம் வந்து பிடிக்க வேண்டிய ஆளே இல்லை, தசை எப்படி இழுக்கும்? மயோசினும் சாயமும் நன்றாக இருந்தும் விசை பூஜ்யம் ஆகிவிடும். லைட் செயின் மாற்றம் முடிந்ததும், தளர்வுக் கரைசலில் ட்ரோபோனின் சியைச் சேர்த்து ஊற வைத்து, கழுவி, மறுபடி கால்சியம் கொடுத்து விசையை அளங்கள். விசை ஏறிக்கொண்டே இருக்கும்வரை இந்த ஊறலைத் தொடருங்கள். மாற்றத்துக்கு முன் அதே நாரில் அளந்த விசையோடு ஒப்பிட வேண்டும். ஆகவே முன் அளவை எடுக்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பெரும்பகுதி விசை திரும்பாத நாரில் சாயத்தின் கோணம் எவ்வளவு அழகாக மாறினாலும் அந்தத் தரவை ஒதுக்கிவிட்டு அடுத்த நாரை எடுங்கள்.